முப்பத்தேழாம் நம்பர் இடது கால்

பேரணாம்பட்டில் சாம்பிள் அறையில்
தைக்கிற கைக்கு ஒரு கூலி,
போட்டுப் பார்க்கிற காலுக்கு
மாதம் முந்நூறு தனி.
என் கால் சரியாக முப்பத்தேழு.
புறங்கால் மேடு, விரல் வரிசை, குதிகால் வளைவு
எல்லாம் அச்சுக்கட்டையேதான் என்று
அதீக் பாய் முதல் நாளே
ஸ்கேல் வைத்துச் சொல்லிவிட்டார்.

ஜோடியாக அனுப்புவதில்லை.
இரண்டும் போனால் அது ஷூ, சரக்கு, வரி உண்டு.
இடது மட்டும் போனால் மாதிரி.
அதிலும் நம்பிக்கை வராமல்
அடியில் ட்ரில் வைத்து ஒரு ஓட்டை.
ஓட்டை விழுந்தால் விலையில்லை.
விலையில்லாததை
எந்த நாடும் நிறுத்திக் கேட்பதில்லை.

திங்கட்கிழமை போனது
செங்கல் நிறம், பித்தளை பக்கிள்.
டெஸ்பாட்ச் ரெஹானா
கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.
மீனம்பாக்கம், ஹாம்பர்க்:
ஏழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நேராகப் பறந்தால் ஒன்பதரை மணி நேரம்.
‘நேராகப் போற பிளேன் எப்ப?’
‘அப்படி ஒண்ணும் இல்லக்கா.’
‘அப்புறம் எதுக்கு அந்த ஒன்பதரை?’
‘கேட்டா சொல்லுது’ என்று சிரித்தாள்.

படத்தில் கோடு வில்லாக வளைந்திருந்தது.
நேர்வழி என்கிறாய், வளைந்திருக்கிறதே என்றேன்.
பூமி உருண்டையாம்.
வளைந்தால்தான் கிட்டமாம்.
குடியாத்தத்திலிருந்து நான் வருகிற பஸ்ஸும்
ஊர் ஊராக வளைந்துதான் வருகிறது.
இருபது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்.
கிட்டமாகக் காணோம்.

அது போன வழியை நான் கணக்குப் போட்டேன்:
வாலாஜா டோல்கேட்டில் வரிசை,
ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்தல்,
கஸ்டம்ஸில் அரை நாள் கிடை,
துபாயில் பதினோரு மணி நேரம் சும்மா,
பிராங்க்ஃபர்ட்டில் இன்னொரு பெல்ட், இன்னொரு ஸ்டிக்கர்.
இதெல்லாம் கம்ப்யூட்டர் சொன்ன ஒன்பதரையில் இல்லை.

செவ்வாய் இரவு கரண்ட் போயிற்று.
மாடியில் படுத்திருந்தேன்.
என் இடது கால் இந்நேரம்
ஏதோ கடலுக்கு மேலே குளிரில் போகிறது.
கொசு கடித்ததெல்லாம் வலது காலை.

வியாழக்கிழமை மெயில் வந்தது.
போக மூன்று நாள், பதில் வர ஒரு நொடி.
‘குதிகால் இரண்டு மில்லி லூஸ்.’

ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
எவளோ ஒருத்தி
இரண்டு மில்லியைக் கண்டுபிடித்துவிட்டாள்.
அச்சுக்கட்டையை அளந்தார்கள். சரி.
தோலை அளந்தார்கள். சரி.
கடைசியில் அதீக் பாய் என் காலைப் பார்த்தார்.
‘அன்னைக்கி எப்பம்மா போட்டுப் பார்த்தே?’
‘காலையிலதான் பாய்.’

பொய்.
வேன் வாசலில் ஹாரன் அடிக்க,
சாயங்காலம் அவசரத்தில் போட்டேன்.
விடிகாலையிலிருந்து
பஸ்ஸில் நின்று, கட்டிங் டேபிளில் நின்று,
மதியச் சோற்றுக்கும் வரிசையில் நின்று
வீங்கிய கால்.
அதற்கு அது கச்சிதமாக இருந்தது.
எத்தனை மணி நேரம் நின்றேன் என்று
இப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன்.
ஒன்பதரை.

அடுத்த வாரம் இடது கால் திரும்பி வந்தது.
அடியில் சாம்பல் நிறக் கம்பள நூல் ஒன்று.
உள்ளே ஐந்து விரல் தடம்,
இரண்டாம் விரல் என்னுடையதைவிட நீளம்.
நடந்திருக்கிறாள்.
எத்தனை எட்டு?
வலதில் என்ன போட்டுக்கொண்டு?

ஆள் இல்லாத நேரம் இரண்டையும் மாட்டினேன்.
வலது புதுசு, டக் என்றது.
இடது ஓட்டை வழியே
தரையின் சில்லிப்பு ஒரு பொட்டாக ஏறியது.
ஜன்னல் வரை போய்த் திரும்பியிருப்பேன்,
ஐந்து நாற்பது பஸ்
ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
கழற்றி, ரேக்கில் வைத்து,
ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
அதில் இடது வார்
போன மாதமே அறுந்து
ஊக்கு குத்தியிருக்கிறது.